ராஜபாளையம் குட்டி: ஷோ பரம்பரையா, வீட்டு வளர்ப்பா?

ராஜபாளையம் குட்டி தேடிப் போனால் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் ஷோவில் கோப்பை வாங்கிய நாயின் வாரிசு என்று சான்றிதழை எடுத்துக் காட்டுவார். இன்னொருவர், "தாய் நாய் திண்ணையில படுத்திருக்கு, வந்து பாருங்க" என்பார். வீட்டுக் காவலுக்கும் பிள்ளைகளுக்குத் துணையாகவும் வளர்க்கப்போகிறவர் யாரிடம் வாங்கலாம்?

முக்கியமான வித்தியாசம் நிறத்தில் தொடங்குகிறது. ஷோக்காரர்களுக்கு வேண்டியது பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். மறை (வேறு நிறத் திட்டு) விழுந்த குட்டி என்றால் கழித்துவிடுவார்கள். ஆனால் தோலுக்கு நிறம் தரும் அதே வகைச் செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களில் காது கேட்காமல் போய்விடும். வெள்ளையோடு வெள்ளையாகவே இணை சேர்த்து வந்த இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது தெரிந்த கதைதான். காது கேட்காத நாயைத் தூக்கத்தில் ஒரு குழந்தை தொட்டால், திடுக்கிட்டு வாய் வைத்துவிடலாம்.

இதை ஓரளவு நீங்களே சோதிக்கலாம். ஆறேழு வாரக் குட்டியைத் தனியாகப் பிரித்து, அது அசந்திருக்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கூட்டத்தில் வைத்துப் பார்த்தால், மற்றவை எழுந்து ஓடும்போது செவிட்டுக் குட்டியும் கூடவே ஓடும். காலால் தரையைத் தட்டக் கூடாது, அதிர்விலேயே விழித்துக்கொள்ளும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் அகப்படாது. அதற்கு மருத்துவமனையில் ஒவ்வொரு காதையும் தனித்தனியாகப் பார்க்கும் 'பேயர்' (BAER) சோதனைதான் வழி. அப்படிப்பட்ட குட்டியை வீட்டில் வளர்க்கத் தடையில்லை, இணை சேர்க்கத்தான் கூடாது. கோப்பை வாங்கிய ஆண் நாய்க்கு இந்தச் சோதனை செய்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு சட்டென்று விலைக்குத் தாவிவிடும்.

அப்புறம் குணம். ராஜபாளையம் வெளியாளை லேசில் அண்டவிடாது. மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் மூன்று மாதம் வரை அது பார்ப்பதும் கேட்பதும்தான் பிற்பாடு அதற்குச் சகஜமாகும். கூண்டுக்குள் வளர்ந்த குட்டிக்கு மிக்ஸி சத்தமே பேய். அடுப்படி வாசலில் புரண்டு வளர்ந்தது குக்கர் விசிலுக்குக் காதைக்கூட அசைக்காது. (அசைக்காததற்குக் காரணம் பழக்கம்தானா என்று மேலே சொன்ன சாவிக்கொத்தால் உறுதிசெய்துகொள்ளுங்கள்!)

வீட்டு வளர்ப்பு என்றாலே நல்லது என்றும் நம்பிவிட வேண்டாம். பக்கத்துத் தெரு நாயோடு சேர்த்துவிட்டு, அது இதற்கே அண்ணனா என்றுகூடத் தெரியாமல் குட்டி விற்பவர்கள் நிறைய. தடுப்பூசி அட்டை இருக்காது. 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிப்படி எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது, ஆனால் பால்குடி மறக்காததையே அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். வம்சாவளிக் கணக்கில் ஷோக்காரர்கள் கெட்டி, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தாள் அப்பன் பாட்டன் யாரென்று சொல்லுமே தவிர, ஆரோக்கியத்துக்கு உத்தரவாதம் இல்லை.

என் ஓட்டு, வம்சாவளிக் கணக்கும் வைத்திருக்கிற வீட்டு வளர்ப்புக்காரருக்குத்தான். அவரிடம் முதுகில் மறை விழுந்த குட்டி இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். வெள்ளைக் குட்டியைவிட விலையும் குறைத்துக் கேட்கலாம்.