எயார் கூலரா, ஏஐஓவா, கஸ்டம் லூப்பா? வன்னி வெயிலுக்கு எது தாங்கும்

இணையத்தில் வரும் கணினிக் கூலர் விமர்சனங்கள் பெரும்பாலும் 20, 22 பாகை அறையில் அளந்தவை. கிளிநொச்சியில் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, பின்னேரம் மூன்று மணிக்கு அறை 34 பாகையில் நிற்கும். ஆகவே விமர்சனத்தில் 70 என்று கண்டால் இங்கே அதை 82, 83 என்று வாசியுங்கள். எயார் கூலரோ வோட்டர் கூலரோ, புரொசெசரை அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது. ஃபேன் ஊதும் இரண்டு தகட்டுக் கோபுரம் உள்ள இரட்டைக் கோபுர எயார் கூலர்; பூட்டியபடியே பெட்டியில் வரும் வோட்டர் கூலரான ஏஐஓ; பம்ப், ரேடியேற்றர், குழாய் எல்லாம் தனித்தனியாக வாங்கி நாமே பூட்டும் கஸ்டம் லூப் என்று மூன்று வழி இருக்கிறது. நம்முடைய ஊர்ப்பக்கத்துப் பெடியள் எடுத்த எடுப்பில் தண்ணீரைத்தான் கேட்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு எயார் கூலர்தான் சரி என்பது என் முடிவு. காரணங்களைச் சொல்கிறேன்.

தண்ணீர் சூட்டை விழுங்குவதில்லை, சுமந்து போய் ரேடியேற்றரில் இறக்குகிறது. ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.18 கிலோயூல் போதும். 250 வாட் புரொசெசர் அதை 17 விநாடியில் கொடுத்துவிடும். ரேடியேற்றர் ஒன்றுமே செய்யாவிட்டாலும் தண்ணீர் பத்துப் பாகை ஏற மூன்று நிமிடம் பிடிக்கும். அதனால்தான் மூன்று நிமிட பெஞ்ச்மார்க் சோதனையில் தண்ணீர் எப்போதும் கெட்டிக்காரனாகத் தெரிகிறது. அரை மணி நேரம் விளையாடிய பிறகு வரும் எண்தான் உண்மையான எண். அப்போது பேசுவது ரேடியேற்றரின் பரப்பும் அதற்குள் போகும் காற்றும்தான்.

இன்னொன்று, சூடு வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. இன்டெல் ஐ9 14900கே புரொசெசர் முழு வேகத்தில் 253 வாட், ஆர்டிஎக்ஸ் 4080 கிராபிக்ஸ் கார்ட் 320 வாட். இரண்டும் சேர்ந்து முழுமூச்சாக ஓடினால், ஆயிரம் வாட் மின்னழுத்தி ஒன்றைப் பாதிச் சூட்டில் அறைக்குள் விட்டுவைத்த கணக்கு. எந்தக் கூலரைப் போட்டாலும் இந்தச் சூடு அறைக்குள்தான் வரும். யன்னலைத் திறந்து வைப்பது 240 மில்லிமீற்றர் ரேடியேற்றரை 360 மில்லிமீற்றர் ஆக மாற்றுவதற்குச் சமமான பலனைத் தரும் நாட்கள் உண்டு.

யன்னலைத் திறந்தால் தூசி வரும். இங்கேதான் எயார் கூலர் முந்துகிறது. சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி எந்த வலையையும் தாண்டி உள்ளே போகும். ரேடியேற்றரில் அங்குலத்துக்கு 20 தகடு என்றால் தகடுகளுக்கிடையே 1.3 மில்லிமீற்றர்கூட இல்லை. தூசி படிவதும் நம் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் இல்லை, ஃபேனுக்கும் தகட்டுக்கும் இடையில். ஃபேனைக் கழற்றினால் உள்ளே செம்பழுப்பு நிறத்தில், கம்பளித் துண்டு போல ஒரே படலமாக ஒட்டியிருக்கும். அதை எடுக்க 360 ரேடியேற்றரில் மூன்று ஃபேன், பன்னிரண்டு திருகாணி. எயார் கூலரில் தகடுகளின் இடைவெளி அதிகம், ஃபேன் கம்பிக் கொழுவியில் நிற்கிறது. கொழுவியை இழுத்து, பெயின்ற் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே நாலு தரம் தட்டினால் வேலை முடிந்தது.

பழுது வந்தாலும் அதே கதைதான். எயார் கூலரில் கெடக்கூடியது ஃபேன் மட்டும். வேறொரு 120 மில்லிமீற்றர் ஃபேன் கிடைத்தால் அன்றைக்கே ஓடும். ஏஐஓவில் பம்ப் நின்றால் முழுவதும் போச்சு. உத்தரவாதம் இருந்தாலும் ஏ9 வீதியால் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதுவரை கணினி மேசையில் சும்மா கிடக்கும். குழாய்ச் சுவர் வழியாக நீர்மம் மெல்ல மெல்லக் கசிந்து ஆவியாவதும் ஏஐஓவுக்கு இயல்பு. சூடு கூடினால் அதுவும் கூடும்.

அப்படியென்றால் ஏஐஓ யாருக்கு? ரைசன் 5 5600 போன்ற 65 வாட் சிப்புக்கு அது காசைக் கொட்டும் வேலை. ரைசன் 7 7800எக்ஸ்3டி 120 வாட் என்று எழுதப்பட்டிருந்தாலும் ஆறு வெப்பக் குழாய் உள்ள இரட்டைக் கோபுரத்துக்கு அது அடங்கும். 14900கே மாதிரி 250 வாட்டைத் தொடும் சிப்பை முழுதாக ஓட்டத்தான் 360 ஏஐஓ வேண்டும், அங்கே எயார் கூலர் தோற்றுவிடும். பூட்டும்போது ரேடியேற்றரை மேலே வையுங்கள். பம்ப் சுற்றின் உச்சியில் இருந்தால் காற்றுக் குமிழி அதற்குள் போய்ச் சிக்கும்.

கஸ்டம் லூப் எனக்கு மிகவும் பிடித்த வேலை. அதன் உண்மையான பலன் புரொசெசரில் இல்லை, கிராபிக்ஸ் கார்டில். கார்டை முழுதாக மூடி, உள்ளே தண்ணீர் ஓடும் உலோக புளொக் போட்ட கார்ட், காற்றில் ஓடியதைவிட இருபது பாகை வரை குறைந்து ஓடக்கூடும். சத்தம் குறையும் என்பது இங்கே பெரிய காரணம் இல்லை, சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் அறையில் கணினியின் சத்தம் யாருக்குக் கேட்கும்? கிணற்றுத் தண்ணீரை நினைத்தும் பார்க்காதீர்கள். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு அப்படியே புளொக்கின் நுண்வாய்க்கால்களிலும் படியும். காய்ச்சி வடித்த நீரும் பாசி கொல்லியும் வேண்டும். பெற்றோல் செட்டில் பற்றரித் தண்ணீர் வாங்குவதானால் போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள், பக்கத்தில் அமிலப் போத்தலும் இருக்கும். செப்பு புளொக்குடன் அலுமினிய ரேடியேற்றரைச் சேர்த்தால் அலுமினியம் அரிக்கும். நெல்மூடை அடுக்கிய வீடென்றால் எலி வரும், மென்குழாயை அது விட்டுவைக்காது, கடினக் குழாய்தான் நல்லது. கொழும்பு யூனிட்டி பிளாசாவுக்குப் போகும் நாளிலேயே உபரி ஓ வளையங்களும் இரண்டு இணைப்பிகளும் வாங்கிவிடுங்கள். பூட்டி முடித்ததும் பவர் சப்ளையின் 24 முள் இணைப்பில், கணினியை எழுப்பாமல் அதை மட்டும் இயக்கும் ஜம்பர் போட்டு, பம்புக்கு மட்டும் கறண்ட் கொடுத்து, ஒவ்வொரு மூட்டின் கீழும் ரிஷ்யூ வைத்து ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் ஓவர்குளொக், அதாவது புரொசெசரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. சூடு வேகத்தோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். 4.6 கிகாஹேர்ட்ஸை 4.8 ஆக்க 1.25 வோல்ட்டை 1.35 ஆக்கினால் வேகம் 4 சதவீதம், சூடு ஏறத்தாழ 22 சதவீதம் கூடும். 34 பாகை அறையில் இது நட்டக் கணக்கு. எதிர்த்திசையில் போவதையே நான் சொல்வேன்: ரைசனில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கேர்வ் ஒப்டிமைசர் என்ற அமைப்பை மைனஸ் 10இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் சோதித்து, மெல்ல இறக்குங்கள். அதே வேகம், குறைந்த சூடு, சிலவேளை கூடுதல் வேகமும் வரும். மிச்சமாகும் காசை நினைவகத்தில் போடுங்கள், ரைசனுக்கான ஏஎம்5 மதர்போர்டுக்கு டிடிஆர்5 6000 நன்றாகப் பொருந்தும். இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் இதற்கெல்லாம் முன்பு மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸை 2024 ஓகஸ்ட் மாதத்துக்குப் பிறகு வந்த பதிப்புக்கு மாற்ற வேண்டும், மிகையான மின்னழுத்தத்தால் சிப் கெடுவதைத் தடுக்கும் திருத்தம் அதில் இருக்கிறது. அதை யூபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். நடுவில் கறண்ட் போனால் மதர்போர்டே எழும்பாமல் போகலாம்.