கார் வேலைக்கு மிக் வெல்டிங் மெஷின்: பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்

வீட்டு கராஜில் பழைய காரைப் பிரித்து வேலை செய்பவர்கள் குறைந்த விலையில் ஒரு மிக் மெஷின் (வயரைத் தானே தள்ளி உருக்கி ஒட்டும் வெல்டிங் மெஷின்) தேடும்போது முதலில் கண்ணில் படுவது பெட்டியின் மேல் போட்டிருக்கும் 200, 250 என்ற ஆம்பியர் எண்தான். கார் வேலைக்கு அந்த எண் பெரும்பாலும் தேவையே படாது. கதவு, ஃபெண்டர், தரைத் தகடு எல்லாம் 0.7 முதல் 1 மில்லிமீட்டர் கனம்தான். சாசிஸ், பிராக்கெட் என்று போனால் 2, 3 மில்லிமீட்டர். இரும்பில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 40 ஆம்பியர் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அதை வைத்துப் பார்த்தால் 0.8 மில்லிமீட்டர் தகட்டுக்கு முப்பதை ஒட்டி, 3 மில்லிமீட்டருக்கு 120. ஆக 140 ஆம்பியர் மெஷின் தாராளமாகப் போதும். மெஷின் எவ்வளவு கீழே இறங்குகிறது, இறங்கின இடத்தில் ஆர்க் (வயர் நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் எரியும் மின்பொறி) அணையாமல், படபடவென்று தெறிக்காமல் நிற்கிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும்.

உருகும் இரும்பைக் காற்று படாமல் காக்கும் கேஸ் இல்லாமல் ஓடுகிற மலிவு ரகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஃபிளக்ஸ் கோர் வயர், அதாவது கேஸின் வேலையைச் செய்யும் பொடி உள்ளே அடைத்த வயர், போட்டு ஓட்டுவது. சிலிண்டர் செலவு இல்லை, காற்று அடிக்கிற திறந்தவெளியிலும் வேலை நடக்கும், டிரெய்லர் ஃபிரேம், கேட், தடிமனான பிராக்கெட் எல்லாம் நன்றாகவே பிடிக்கும். ஆனால் டிங்கரிங் வேலைக்கு இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சூடு அதிகம், தெறிப்பு அதிகம், மேலே படியும் கசடைத் தட்டித் தட்டி எடுக்க வேண்டும், மெல்லிய தகட்டில் ட்ரிகரை ஒரு நொடி கூடுதலாக அழுத்தினாலே ஓட்டை விழுந்துவிடும், அப்புறம் அந்த ஓட்டையை அடைக்கப் போய் அது இன்னும் பெரிதாகும். சரி, இப்போதைக்கு இதுதான் வாங்க முடியும் என்றால் குறைந்தபட்சம் இரண்டு விஷயம் பாருங்கள்: பின்னால் கேஸ் குழாய் மாட்ட இடம் இருக்கிறதா, உள்ளே பிளஸ் மைனஸை மாற்றிப் போட வழி இருக்கிறதா. கேஸோடு சாதா வயர் ஓட்டும்போது டார்ச் (வயர் வெளிவரும் கைப்பிடி) பிளஸ்ஸில் இருக்க வேண்டும், கேஸ் இல்லாத ஃபிளக்ஸ் கோர் வயருக்கு மைனஸில். இந்த இரண்டும் இல்லாத மெஷினைப் பின்னால் கேஸுக்கு மாற்றவே முடியாது, அதில் போட்ட பணம் அதோடு போச்சு.

அடுத்தது டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ரகம், முன்னால் வோல்டேஜுக்குப் படிப்படியாகத் திருகும் சுவிட்ச் இருக்கும். ஹோபார்ட் ஹேண்ட்லர் 140 இந்த வகைக்கு நல்ல உதாரணம். 25 ஆம்பியர் வரை இறங்கும், 140 வரை ஏறும், அமெரிக்காவின் 115 வோல்ட் இணைப்பில் ஓடும், எடை 26 கிலோவை ஒட்டி. தூக்கி நகர்த்தினால் முதுகு பிடிக்கும், ஆனால் உள்ளே கெட்டுப்போகிற சாமான் குறைவு. இந்த ரகத்தில் எனக்கு இருக்கும் குறை அந்தப் படிகள்தான். மெல்லிய தகட்டில் ஒரு படி கொஞ்சம் போதாமலும், அடுத்த படி கொஞ்சம் அதிகமாகவும் இருக்கும், நடுவில் வேண்டிய இடத்தை வயர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் பிடிக்க வேண்டும். கை பழகினவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை.

இன்வெர்ட்டர் ரகத்தில், அதாவது கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் எலக்ட்ரானிக் போர்டு வைத்ததில், வோல்டேஜைத் தொடர்ச்சியாகத் திருகி வைக்கலாம், மெஷின் பாதி எடைதான், குறைந்த ஆம்பியரில் ஆர்க் மிருதுவாக நிற்கும். வயர் கனமும் தகடு கனமும் சொன்னால் தானே அளவு வைத்துக்கொள்ளும் வசதியும் பலவற்றில் வருகிறது, புதிதாகக் கற்பவர்களுக்கு நிஜமாகவே உதவும், அதற்கு மேல் நாமே கூட்டிக் குறைக்கவும் விட வேண்டும். கராஜுக்கு என் தேர்வு இதுதான். ஒரு எச்சரிக்கை உண்டு: கிரைண்டர் ஓட்டும்போது பறக்கிற இரும்புத்தூளை மெஷினின் ஃபேன் உள்ளே இழுத்து போர்டின் மேல் கொட்டும், ஷார்ட் ஆகிவிடும். கிரைண்டரை மெஷினுக்குத் தள்ளி வைத்து ஓட்டுங்கள், மெஷின் அணைந்திருக்கும்போது ஒரு துணி போட்டு மூடுங்கள்.

விலை குறைந்த மெஷின்களில் தயாரிப்பவர்கள் கை வைப்பது வயர் தள்ளும் பகுதியில்தான், கடையில் யாரும் பக்கக் கதவைத் திறந்து பார்ப்பதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் திறந்து பாருங்கள். ரோலரைப் பிடித்திருக்கும் உடம்பு பிளாஸ்டிக்காக இருந்து, அழுத்தம் கொடுக்கும்போது வளைந்தால் வயர் ஒரே சீராக வராது, வயர் சீராக வராவிட்டால் எவ்வளவு நல்ல மின்பகுதி இருந்தும் புண்ணியமில்லை, ஆர்க் இருமல் வந்தவர் பேசுகிற மாதிரி விட்டுவிட்டு வரும். உலோக உடம்பு, 0.6 மில்லிமீட்டர் பள்ளம் உள்ள ரோலர், 5 கிலோ சுருள் மாட்ட இடம், கழற்றி மாற்றக்கூடிய யூரோ இணைப்பு டார்ச், இவை இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். டார்ச் மெஷினோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தால் லைனர் (டார்ச் கேபிளுக்குள் வயர் ஓடும் குழாய்) கெடும் நாளில் திண்டாட்டம்.

வயர் விஷயத்தில் 0.6 மில்லிமீட்டர், ஈ.ஆர். 70 எஸ்-6 ரகம். மெல்லிய தகட்டுக்கு இதைவிட நல்லது இல்லை, சாசிஸ் பக்கம் போகும்போது 0.8 போட்டுக்கொள்ளலாம். கேஸ், ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் 75க்கு 25 அல்லது 80க்கு 20 கலந்தது. வெறும் கார்பன் டை ஆக்சைடு மலிவு, இரும்பில் நன்றாக ஊடுருவும், ஆனால் தெறிப்பு அதிகம், தகட்டில் கட்டுப்படுத்துவது கஷ்டம். மூடிய கராஜில் நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர் போதும். பட்ஜெட் போடும்போது சிலிண்டர், ரெகுலேட்டர், தானே இருளும் ஹெல்மெட், கையுறை எல்லாம் சேர்த்துப் போடுங்கள், மெஷின் விலை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான்.

டியூட்டி சைக்கிள் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 90 ஆம்பியரில் 20 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் ஓட்டலாம், மீதி ஆற விட வேண்டும். தகட்டு வேலையில் நீளமாக ஓட்டவே கூடாது, ஓட்டினால் தகடு நெளியும். ஒரு டாக் (சின்னப் பொட்டு வெல்டிங்) இங்கே, அடுத்தது தள்ளி, நடுவில் ஆற விட்டு, அப்புறம் இடைவெளிகளை நிரப்புவதுதான் முறை. மெஷின் ஓய்வு கேட்பதற்கு முன்னால் தகடே ஓய்வு கேட்டுவிடும்.

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிரேக் கிளீனரில் குளோரின் கலந்த ரகம் உண்டு, அதைத் தெளித்துத் துடைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு வரலாம், உயிருக்கே ஆபத்து. குளோரின் இல்லாத கிளீனரோ தீப்பிடிக்கும், அதுவும் முழுக்க உலர்ந்த பிறகுதான் வெல்டிங். துத்தநாகம் பூசிய தகடென்றால் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சுத்தமான இரும்பில் போடுங்கள், பெட்ரோல் டேங்க் அருகே என்றால் டேங்கை இறக்கி வெளியே கொண்டுபோன பிறகுதான்.

கடையில் ஓட்டிப் பார்க்க விடுவார்களென்றால் 0.8 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டு இரண்டைக் கையோடு கொண்டுபோங்கள். 0.6 வயர், கலவை கேஸ், மிகக் குறைந்த அளவில் வைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து வரிசையாக டாக் வைக்கச் சொல்லுங்கள், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு பொட்டும் பின்னால் லேசாகத் துருத்திக்கொண்டு, ஓட்டை இல்லாமல் இருந்தால் வாங்கலாம். தடிமனான கட்டையில் மட்டும் ஓட்டிக் காட்டினால் வேறு கடை பாருங்கள்.