'மிக்ஸ் ஆபிரிக்கன்': எதை எடுப்பது, எதைக் கடையிலேயே விடுவது

கொழும்பு அலங்கார மீன் கடைகளில், ஆபிரிக்க நன்னீர் வண்ண மீன் வகையான ஆபிரிக்கன் சிக்லிட் கேட்டுப் போகிறவரின் கையில் கடைசியில் வந்து சேர்வது பெரும்பாலும் 'மிக்ஸ்' தான். ஒன்றரை அங்குலக் குஞ்சுகள் ஒரே தொட்டியில் மஞ்சளும் நீலமும் செம்மஞ்சளும் கோடு போட்டவையுமாய்க் கலந்து நீந்தும். பத்து எடுத்தால் இன்ன விலை. பார்க்க அள்ளிக்கொண்டு போகலாம்போல் இருக்கும். ஆனால் காசு கொடுத்து வாங்கும் பொருளாகப் பார்த்தால் இந்தக் கலவையை அப்படியே வாங்கச் சொல்ல முடியாது. மீன்களில் குறை இல்லை, கூட்டுத்தான் பிழை. குஞ்சாக இருக்கும்போது ஒன்றாய் மேய்ந்தவை ஆண்களுக்கு நிறம் ஏறத் தொடங்கியதும் இடம் பிடிக்க ஆரம்பிக்கும். பிறகு ஒவ்வொன்றாய்க் குறையும்.

இந்தத் தொட்டிக்குள் பொதுவாகக் கிடப்பவை மலாவி ஏரியின் 'எம்புனா' வகை, அதாவது பாறை இடுக்குகளில் வாழ்பவை. அதிலேயே இரண்டு பெயர்களை முதலில் கழித்துவிடுங்கள்: ஒராட்டஸ், கென்யி. ஒராட்டஸ் குஞ்சு மஞ்சள் உடம்பில் கறுப்பு வெள்ளைக் கோடுகளோடு தொட்டியிலேயே அழகானதாக இருக்கும், அதனால் எல்லோரும் அதைத்தான் முதலில் கைகாட்டுவார்கள். ஆண் வளர்ந்ததும் உடம்பு கறுத்து, நான்கு அங்குலத்திலேயே தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். கென்யி இதற்கு நேர்மாறு: குஞ்சும் பெண்ணும் நீலம், ஆண் வளர வளர மஞ்சளாகும். அந்த மஞ்சள் ஆண், தன் நிறத்தில் இருக்கும் எலக்ட்ரிக் யெல்லோவைப் போட்டியாளனாக எண்ணி விரட்டும். எம்புனாக்களின் சண்டைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தன்னைப்போல் நிறமும் கோடும் உள்ள ஆணைத்தான் இவை முதலில் தாக்கும். ஆகவே துணை தேர்வதில் முதல் விதி, ஒரு நிறத்துக்கு ஒரு இனம் என்பதே.

எலக்ட்ரிக் யெல்லோ நிச்சயம் எடுக்கத்தக்கது. நான்கு அங்குலத்துக்கு மேல் அதிகம் போகாது, எம்புனாக்களில் சாதுவானதும் இதுதான். கலப்பு அதிகம் விற்பதும் இதிலேயே, அதனால் கண்ணாடிக்கு அருகில் போய்ப் பாருங்கள். சுத்தமானதற்கு எலுமிச்சை மஞ்சள், முதுகுத் துடுப்பில் தெளிவான கறுப்புப் பட்டை. உடம்பில் செம்மஞ்சள் சாயலோ மங்கலான குறுக்குக் கோடுகளோ தெரிந்தால் செம்மஞ்சள் நிற எம்புனாவான ரெட் சீப்ராவோடு கலந்ததாக இருக்கக்கூடும், குணமும் அந்தப் பக்கம் சாயலாம்.

கோபால்ட் புளூவும் ரெட் சீப்ராவும் ஒரே பேரினம், ஒன்றோடொன்று கலந்து குஞ்சு பொரிக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். மஞ்சளுக்குப் பக்கத்தில் கோபால்ட் நன்றாக எடுபடும். மூன்றாவதாக ரஸ்டி கிடைத்தால் விடாதீர்கள். ஊதா கலந்த பழுப்பு நிறம் என்பதால் கடையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் இவ்வளவு அமைதியான எம்புனா வேறு அரிது.

டெமசோனி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று அங்குலம்தான், கடும் நீலத்தில் கறுப்புப் பட்டைகள், பார்த்தால் ஆசை வரும். நான்கு ஐந்து என்று வாங்கினால் ஒன்றையொன்று கொன்று கடைசியில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். பன்னிரண்டுக்குக் குறையாமல் விட்டால்தான் கோபம் கூட்டத்துக்குள் பகிர்ந்துபோய் யாருக்கும் உயிர்ச்சேதம் வராது. அத்தனை வாங்க இடமும் காசும் இல்லையென்றால் ஒன்றுகூட வேண்டாம். கோபால்ட்டோடு சேர்ப்பதும் வீண், இரண்டும் நீலம்.

'ஆபிரிக்கன்' என்ற பெயர்ப் பலகையே சில இடங்களில் ஆளை ஏமாற்றும். ஜுவலும் கிரிபென்சிஸும் ஆபிரிக்கா என்பது உண்மைதான், ஆனால் அவை மேற்கு ஆபிரிக்க ஆறுகளின் மென்மையான, அதாவது கனிமம் குறைந்த, தண்ணீருக்குரியவை. மலாவி ஏரியின் தண்ணீரோ காரமும் கனிமமும் உள்ளது. கிரிபென்சிஸ் மலாவிக் கூட்டத்தில் துடுப்பு கிழிந்து ஒதுங்கும். ஜுவல் சோடி சேர்ந்து முட்டை வைத்தால் மற்றவர்களுக்கு ஒதுங்க மூலையே இராது. ஃபுரொன்டோசா தாங்கனிக்கா ஏரி மீன். ஓர் அடி வரை வளரும், மெதுவாகத்தான் தின்னும், இரவில் சின்ன மீன்களை விழுங்கும். எம்புனாக்கள் வேகமாகப் பாய்ந்து தின்றுவிடுவதால் பகலில் அது பட்டினி கிடக்கும். பரட் என்ற கலப்பு சிக்லிட்டையும் சேர்க்கச் சொல்வார்கள். அதற்கு வாயைச் சரியாக மூட முடியாது, திருப்பிக் கடிக்கவும் முடியாது. ஒஸ்கார், ஃபிளவர்ஹோர்ன் எல்லாம் அமெரிக்க வகைகள், பேச்சே வேண்டாம்.

மலாவி ஏரியின் இன்னொரு வகையான பீகொக் வாங்க ஆசையென்றால் அதற்கென்று வேறு தொட்டி. எம்புனா பாசி சுரண்டித் தின்பது, பீகொக் மணலுக்குள் பூச்சி தேடுவது. தீனும் ஒத்துவராது, எம்புனாவின் முரட்டுத்தனத்தில் பீகொக்கின் நிறமும் வெளிறிப்போகும். எலக்ட்ரிக் யெல்லோவும் ரஸ்டியும் மட்டும் பெரும்பாலும் விதிவிலக்கு. நான்கடித் தொட்டியில் வெவ்வேறு நிறத்தில் எட்டு ஆண் பீகொக், பெண் ஒன்றுகூட இல்லாமல், என்றால் நன்றாகப் போகும். ஒரே ஒரு பெண் உள்ளே வந்தால் எட்டும் மோதும். பீகொக் இனங்கள் தமக்குள் தாராளமாகக் கலக்கும், பெண்களெல்லாம் ஒரே சாம்பல் நிறம் என்பதால் எந்தக் குஞ்சு யாருடையது என்று சொல்லவும் முடியாது. இரண்டு அங்குலத்துக்குக் கீழே முழு நிறத்தில் மின்னும் பீகொக்கைக் கண்டால் ஹோர்மோன் கொடுத்திருப்பார்கள் என்று சந்தேகப்படுங்கள். சில மாதத்தில் அந்த நிறம் இறங்கிவிடும். மலாவியின் பெரிய வகையான வெனுஸ்டஸ் பத்து அங்குலம் போகும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி இல்லாதவர் அதைக் கடையிலேயே பார்த்து ரசித்துவிட்டு வரலாம்.

சிக்லிட் அல்லாத துணையில் எங்கள் முதல் தெரிவு சினொடொன்டிஸ் கெளிறு. தாங்கனிக்காவிலிருந்து வரும் புள்ளிக் கெளிறான மல்ரிபங்டேட்டஸ் அதே காரத் தண்ணீரில் வாழ்வது, துடுப்பில் முள்ளும் உடம்பில் தடித்த தோலும் கொண்டது. மூன்று நான்காக விடுங்கள். இது குயில் கெளிறு: சிக்லிட் முட்டை இட்டு அடைகாக்க வாயில் எடுக்கும் நேரத்தில் தன் முட்டையையும் கலந்துவிடும், அந்தத் தாய் தெரியாமல் இதன் குஞ்சை வாயில் சுமக்கும். குஞ்சு எடுக்கும் எண்ணமுள்ளவர் இதைத் தவிர்க்க வேண்டும். 'தலைகீழ் கெளிறு' என்று விற்கும் சின்ன வகை கொங்கோ ஆற்றுக்குரியது, இந்தக் கூட்டத்துக்குத் தாங்காது.

மேல்மட்டத்தில் வேகமாக நீந்தும் மீன் சில இருந்தால் கூச்சப்படும் பீகொக் வெளியே வரும். போசெமனி ரெயின்போ இதற்குப் பொருத்தம், அதன் சொந்த ஏரியும் காரத் தண்ணீர்தான். நம் நாட்டு ஓடைகளில் திரியும் மலபார் டானியோவும் வேகத்தால் தப்பித்துக்கொள்ளும். இரண்டையும் பீகொக் தொட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'டாங்க் கிளீனர்' என்று கடைக்காரர் கடைசியாகப் பைக்குள் போட்டுத்தரும் உறிஞ்சு மீன் வேண்டவே வேண்டாம். ஓர் அடிக்கு மேல் வளரும், தான் சுத்தம் செய்வதைவிட அதிகமாகக் கழிக்கும். அலுத்தவர்கள் கால்வாயில் விட்டே இது இலங்கை நீர்நிலைகளில் பரவியிருக்கிறது. 1952இல் கொண்டுவந்த திலாப்பியாவும் ஓர் ஆபிரிக்க சிக்லிட்தான், அது எந்தக் குளம்வரை போயிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

இனி தொட்டி. இரண்டடித் தொட்டியில் எம்புனா வைத்தால் கொலைதான் நடக்கும். ஓடிப்போக நீளம் இல்லை. நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் என்று சொல்லித் தொட்டியைச் செய்வியுங்கள், ஏறக்குறைய 255 லீற்றர் பிடிக்கும். கண்ணாடி 10 மில்லிமீற்றர். தண்ணீர் மட்டும் 255 கிலோ, கல்லும் ஸ்டாண்டும் சேர்த்தால் 350 தாண்டும். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் இருப்போர் அறை நடுவில் அல்லாமல் சுவரோரமாக வைக்கட்டும். கல்லை மணலுக்கு மேல் அடுக்காதீர்கள், இவை தோண்டும், சரிந்து கண்ணாடி உடையும். அடிக்கண்ணாடியில் ரெஜிபோம் விரித்து, கல்லை வைத்து, பிறகு மணலைக் கொட்டுங்கள். 40 கிலோ கல்லாவது வேண்டும். ஒரே குன்றாகக் குவிக்காமல், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி இரண்டு மூன்று குவியலாக.

இந்த அளவுக்கு மூன்று இனம், ஒவ்வொன்றிலும் ஆறு, மொத்தம் பதினெட்டு. ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்க வேண்டும். குஞ்சில் ஆண் பெண் தெரியாது, ஆகவே இனத்துக்கு எட்டு வாங்கி, ஆண்கள் நிறம் காட்டத் தொடங்கியதும் மிகுதியானவற்றைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். வாங்கும்போதே 'திருப்பி எடுப்பீர்களா' என்று கேட்டு வையுங்கள். எடுக்காத கடையில் இந்த மீனை வாங்குவது சிரமத்தை விலைக்கு வாங்குவதுதான். நெருக்கமாக வைப்பதில் நன்மை உண்டு: ஒரே மீன் குறிவைக்கப்படாமல் விரட்டல் பரவும். அதற்கு ஈடாக ஃபில்டர் மணிக்கு 2000 லீற்றருக்குக் குறையக் கூடாது.

கொழும்புக் குழாய்த் தண்ணீர், களனி ஆற்றிலிருந்து வந்தாலும் லபுகமவிலிருந்து வந்தாலும், மென்மையானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணறுகளில் இந்த மீனுக்கு வேண்டிய கனிமம் இயல்பாகவே இருக்கிறது, தோட்டப் பக்கக் கிணறென்றால் நைத்திரேற்றை மட்டும் சோதிக்க வேண்டும். கொழும்பில் நாம்தான் கனிமத்தைச் சேர்த்தாக வேண்டும். கிழமைக்கு 100 லீற்றர் மாற்றும்போது, புதுத் தண்ணீரில் அப்பச்சோடா 15 கிராம், பார்மசியில் கிடைக்கும் எப்சம் உப்பு 18 கிராம். இது காரத்தன்மையை (KH) ஐந்து பாகையும் கடினத்தை (GH) நான்கு பாகையும் உயர்த்தும்; இங்கே பாகை என்பது வெப்பமல்ல, தண்ணீரில் கரைந்தவற்றின் அளவு. குளோரினுக்குச் சோடியம் தயோசல்பேற்று ஒரு கிராம் போதும். மணலோடு கோழித்தீனிக்கு விற்கும் சிப்பி நொறுக்கைக் கலக்கலாம். கடற்கரை முருகைக்கல்லைத் தொடாதீர்கள், எடுப்பது சட்டப்படி குற்றம். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு உப்புகள் சேர்க்காத, குளோரின் நீக்கிய தண்ணீரையே ஊற்றுங்கள். கனிமம் ஆவியாவதில்லை, சேர்த்தால் கூடிக்கொண்டே போகும்.

ஹீட்டர் தேவையில்லை. பிரச்சினை மறுபக்கம்: பிற்பகலில் தண்ணீர் 30 பாகை தொட்டால் ஒட்சிசன் குறையும், மீனுக்குக் கோபம் கூடும். மேற்பரப்பில் சின்ன மின்விசிறி அடித்தால் இரண்டு பாகை இறங்கும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நச்சும் காரத் தண்ணீரில் கூடுதல். pH எனும் அமில-கார அளவு 7இல் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒன்றுகூட நச்சு வடிவில் இராது, 8.2இல் 30 பாகையில் ஏறக்குறைய பதினொன்று. கரண்ட் போய் ஃபில்டர் நின்றால் நேரம் குறைவு. 2022இன் நீண்ட மின்வெட்டுகளை மறக்காதவர்கள் பேட்டரிக் காற்றுப் பம்ப் ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள்.

எம்புனாவுக்கு ஸ்பிருலினா எனும் பாசித் தீன், ஒரு நிமிடத்தில் முடிகிற அளவு, நாளுக்கு இரு தடவை. டியூபிஃபெக்ஸ் புழுவும் மாட்டு இதயமும் கொடுத்தால் வயிறு வீங்கும். வெள்ளை நூல்போல் மலம் கழித்துத் தீனைத் துப்பினால் அதுதான் தொடக்கம். பூச்சி தின்னும் பீகொக்கை எம்புனாவோடு சேர்க்காததற்கு இதுவும் காரணம்.

எல்லாக் குஞ்சையும் ஒரே நாளில் விடுங்கள், அப்போது யாருக்கும் முன்னுரிமை இராது. பிறகு ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால், பைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாய்த் தொட்டித் தண்ணீரைக் கலந்து பழக்குங்கள். அதற்குள் கற்களை முழுக்க மாற்றி அடுக்கி, பழைய மீன்களுக்குத் தீன் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். மறுநாள் காலை புது மீனைத் தேடிப் பாருங்கள். வால் ஓரம் மட்டும் கிழிந்து, தீனுக்கு வந்தால் மூன்று நாள் பொறுக்கலாம். ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் மேல்மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றால் பொறுக்க வேண்டாம், அன்றே எடுத்து வேறு தொட்டியில் விட்டுவிடுங்கள்.