விசா வேண்டாம், சரி, வேறென்ன கேட்பார்கள்? தாய்லாந்து, மலேசியா, இலங்கை: பெங்களூரிலிருந்து ஓர் ஒப்பீடு

அல்சூரிலும் விவேக் நகரிலும் எந்த டிராவல்ஸ் கடைப் பலகையைப் பார்த்தாலும் தாய்லாந்து, மலேசியா, இலங்கை மூன்றையும் 'விசா ஃப்ரீ' என்று ஒரே வரிசையில் எழுதியிருப்பார்கள். மூன்றும் ஒன்றல்ல. தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களிடம் விசா கேட்பதில்லை. இறங்குவதற்கு முன் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்பினால் போதும். இலங்கைக்குக் கிளம்பும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். அதற்கு விசா என்று பெயரில்லை, ஈடிஏ (மின்னணுப் பயண அனுமதி) என்று பெயர்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விசா போனதால் சோதனை போய்விடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. முன்பு தூதரகம் இரண்டு வாரத்துக்கு முன்னால் பார்த்த காகிதங்களை இப்போது கெம்பேகவுடா விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில், விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போது, செக்-இன் கவுண்டரில் பார்க்கிறார்கள். அன்று மறுத்திருந்தால் விசாக் கட்டணத்தோடு போயிருக்கும். இன்று மறுத்தால் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் சேர்ந்து போகும். கவுண்டரில் இருப்பவர் கெடுபிடி காட்டுவதற்கும் காரணம் உண்டு. அந்த நாட்டில் உங்களைத் திருப்பி அனுப்பினால், ஏற்றிவந்த விமான நிறுவனமே தன் செலவில் உங்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், பெரும்பாலும் அபராதமும் கட்ட வேண்டும். அதனால் அவர் டைமாட்டிக் என்ற விதித் தொகுப்பில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார். டிராவல்ஸ்காரர் சொன்னது அங்கே எடுபடாது.

தாய்லாந்து: நாள் தாராளம், கேள்வியும் தாராளம்

2023 நவம்பர் 10 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு வந்தது. அதற்கு முன் இறங்கியதும் 2,000 பாட் கட்டி 15 நாள் விசா வாங்கிக்கொண்டிருந்தோம். 2024 ஜூலை 15-ல் விலக்கை 60 நாளாக்கினார்கள். அதைத் திரும்ப 30 ஆக்கும் பேச்சு 2025-லேயே தொடங்கிவிட்டது. எனவே பயணத்தை 30 நாளுக்குள் அடக்குவதுதான் புத்தி. டிக்கெட் போடும் முன் தாய் தூதரகத் தளத்தில் நடப்பு விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இறங்கும் நாளே முதல் நாளாகக் கணக்கில் சேரும். காலம் தாண்டினால் நாளுக்கு 500 பாட் அபராதம், உச்சம் 20,000 பாட்.

டிடாக் என்கிற டிஜிட்டல் வருகை அட்டை 2025 மே 1 முதல் கட்டாயம். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. கைக்குழந்தைக்கும் தனி அட்டை உண்டு. இங்கே நம் ஊரார் அடிக்கடி செய்யும் தவறு தேதி. பெங்களூரிலிருந்து பாங்காக் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புபவை. 14-ஆம் தேதி இரவு 11:50-க்கு ஏறினால் இறங்குவது 15-ஆம் தேதி காலை. டிக்கெட்டில் பெரிதாகத் தெரியும் 14-ஐ அப்படியே அட்டையில் போட்டுவிடுகிறார்கள். அட்டை கேட்பது அந்த நாட்டு நேரப்படி நீங்கள் இறங்கும் தேதி. தாய்லாந்து நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, மலேசியா இரண்டரை மணி நேரம். இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே.

கையில் தலைக்கு 10,000 பாட், குடும்பமாகப் போனால் 20,000 பாட் அளவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. எல்லாரையும் கேட்பதில்லை, ஆனால் கேட்கும்போது கார்டைக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்பிப் போகக் கூடாது. ரொக்கமாகவே எடுத்துப் போங்கள். இங்கிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை அந்நியப் பணத்தாள் எடுத்துப் போகலாம் என்பதால் அதில் சிக்கல் இல்லை. மின்சிகரெட் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள், பெட்டியில் இருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

தனியாகப் போகும் இளைஞர்களை இப்போது பெங்களூர் குடியேற்றக் கவுண்டரிலேயே கூடுதலாக விசாரிக்கிறார்கள். வேலை என்று அழைத்துப் போய், தாய்லாந்து வழியாக மியான்மரின் மோசடி மையங்களில் கொண்டுபோய் விட்ட சம்பவங்கள்தான் காரணம். அப்படிச் சிக்கிய 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் மீட்டு வந்தார்கள். "அங்கே போய் விசாவை மாற்றிக்கொள்ளலாம், டேட்டா என்ட்ரி வேலை" என்று எவராவது சொன்னால் அந்தப் பயணமே வேண்டாம்.

மலேசியா: சொந்தக்காரர் வீடும் ஒரு முகவரிதான்

2023 டிசம்பர் 1-ல் தொடங்கிய 30 நாள் விலக்கை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். எம்டாக் என்கிற மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை 2024 ஜனவரி 1 முதல் உண்டு. அதே மூன்று நாள் கணக்கு, அதுவும் இலவசம். தாய்லாந்தில் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் 1,900 பாட் கட்டித் தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கலாம். மலேசியாவில் அந்த எண்ணமே வேண்டாம், 30 என்றால் 30.

மலேசியா போகும் நம்மவர்களில் பலருக்கு கிள்ளானிலோ ஈப்போவிலோ சித்தப்பா, அத்தை என்று யாராவது இருப்பார்கள். அங்கேதான் தங்கப்போகிறோம், ஹோட்டல் எதற்கு என்று வெறுங்கையோடு கிளம்புவதுதான் பெரிய பிழை. அதிகாரி கேட்பது எங்கே தங்குகிறீர்கள் என்பதற்கான சான்று. சித்தப்பா வீடு என்றால் வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீடு, கைப்பேசி எண் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அவர் கையெழுத்திட்ட ஒரு பக்க அழைப்புக் கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் இருந்தால் இன்னும் நல்லது. அட்டையில் ஒரு ஹோட்டல் பெயரைப் போட்டுவிட்டு வாயால் 'அத்தை வீடு' என்று சொல்வதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். திரும்பும் டிக்கெட், தங்குமிடம், பணம் மூன்றில் ஒன்று இடித்தாலும் என்டிஎல் போட்டு அடுத்த விமானத்தில் அனுப்பிவிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. நாட்டுக்குள் இறங்க அனுமதி இல்லை என்பதுதான் அதன் பொருள்.

அங்கிருந்து சிங்கப்பூரை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்பது அடுத்த கணக்கு. ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர், உண்மைதான். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூரில் விசா கட்டாயம். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் விசா ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 96 மணி நேரச் சலுகை உண்டு, அதற்கும் தனி நிபந்தனைகள் இருக்கின்றன. மற்றவர்கள் பெங்களூரிலிருந்தே அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலம் விசா எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்ப மலேசியாவுக்குள் நுழையும்போது அது புதிய நுழைவு, எம்டாக் மறுபடி நிரப்ப வேண்டும். சபா, சரவாக் பக்கம் போனால் உள்நாட்டு விமானமானாலும் பாஸ்போர்ட் கேட்பார்கள். அந்த இரு மாநிலங்களும் குடியேற்றத்தைத் தாமே பார்த்துக்கொள்கின்றன.

தாய்லாந்தையும் மலேசியாவையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் பாடாங் பெசார் வழியாக ரயிலில் ஹட்யாய் போகலாம். விசா விலக்கில் தரை வழியாகத் தாய்லாந்துக்குள் நுழைவது ஒரு காலண்டர் ஆண்டில் இரண்டு முறைதான் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இலங்கை: பக்கத்து ஊர், ஆனால் கதவைத் தட்டித்தான் போக வேண்டும்

இலங்கைக் கட்டண விதி அளவுக்குக் குட்டிக்கரணம் போட்ட விதி வேறில்லை. 2023 நவம்பரில் இந்தியா உட்பட ஏழு நாட்டவருக்கு இலவசம் என்றார்கள். முதல் அறிவிப்புப்படி அது 2024 மார்ச் 31 வரை. அடுத்த மாதமே விண்ணப்ப வேலையைத் தனியார் கூட்டமைப்பிடம் கொடுத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைக்க, பழைய ஈடிஏ முறை திரும்பி வந்தது. பிறகும் கட்டணத் தள்ளுபடி அறிவிப்புகள் வந்தபடி இருக்கின்றன. தள்ளுபடி இல்லாத காலத்தில் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 20 டாலர். பெரியவர்கள் நாலு பேர் என்றால் 80. தள்ளுபடி இருந்த காலத்திலும் ஈடிஏ விண்ணப்பம் போட்டே ஆக வேண்டியிருந்தது. 'இலவசம்' என்ற செய்தியைப் படித்துவிட்டு ஈடிஏ இல்லாமல் கவுண்டரில் போய் நிற்பவர்கள் கோட்டை விடுவது இதைத்தான்.

ஈடிஏ 30 நாள், இருமுறை நுழைவு. இந்த இருமுறை மற்ற இரண்டு நாட்டுப் பயணத்திலும் இல்லாத வசதி. கொழும்பில் இறங்கி, மாலத்தீவு போய்விட்டு, அதே அனுமதியில் திரும்ப வரலாம். ஈடிஏ பாஸ்போர்ட் எண்ணோடு கட்டுண்டது. ஒரு எழுத்து மாறினாலும் கவுண்டரில் பொருந்தாது. கடைசி நேரத்தில் புதுப் பாஸ்போர்ட் வந்திருந்தால் பழைய எண்ணில் எடுத்தது செல்லாது.

மூன்று நாட்டுக்கும் பொதுவான ஒரு கண்ணி: தேடினால் முதலில் வரும் தளம் பெரும்பாலும் போலி, அல்லது இலவச அட்டைக்குக் காசு வாங்கும் இடைத்தரகர். முகவரியின் கடைசியைப் பாருங்கள். தாய்லாந்து அரசுத் தளம் 'டாட் கோ டாட் டிஎச்' என்றும், மலேசியா 'டாட் ஜிஓவி டாட் எம்ஒய்' என்றும், இலங்கை 'டாட் ஜிஓவி டாட் எல்கே' என்றும் முடியும். வருகை அட்டைக்குக் கார்டு எண் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ஒற்றைப் பெயர் என்ற நம் தலைவலி

மற்ற மாநிலத்தவருக்கு இது புரியாது. நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், கீழே 'முருகன்' என்று ஒரே பெயர். டிக்கெட் தளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு முறை எழுதச் சொல்லும், சில 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) போடச் சொல்லும். எந்த நிறுவனத்தில் ஏறுகிறீர்களோ அதன் விதிப்படி போடுங்கள். அவசரத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகத் தட்டிவிடுவதுதான் ஆபத்து. அது பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் இல்லாதவரை கவுண்டரில் இருப்பவருக்கு நீங்கள் வேறு ஆள்.

எம்டாக்கில் இந்தத் தொல்லை குறைவு, பெயருக்கு ஒரே கட்டம். டிடாக்கில் இரண்டு. குடும்பப் பெயர் இல்லாதவர்கள் அங்கே ஒரு சிறு கோடு போட வேண்டும். பாஸ்போர்ட்டைப் படமெடுத்து ஏற்றினால் அதுவே நிரப்பிக்கொள்ளும்தான், ஆனால் ஒற்றைப் பெயரை எந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

அடிக்கடி வெளிநாடு போகிறவர்கள் லால்பாக் சாலையிலோ மாரத்தஹள்ளியிலோ உள்ள பாஸ்போர்ட் சேவா மையத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துப் பெயரைப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கால் என்றால் மேலே 2,000. ஆதாரிலும் எஸ்எஸ்எல்சி மதிப்பெண் பட்டியலிலும் இல்லாத பெயரைப் புதிதாக நுழைத்தால் காகித வேலை கூடும். எண் மாறிவிடும் என்பதால் முதலில் பாஸ்போர்ட், பிறகுதான் டிக்கெட். ஆறு மாதச் செல்லுபடி மிச்சமிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா பாஸ்போர்ட்டில் ஈசிஆர் இருந்தால்

பத்தாம் வகுப்புச் சான்று காட்டாமல் எடுத்த பழைய பாஸ்போர்ட்களில் ஈசிஆர் குறிப்பு இருக்கும். சில நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடியகல்வு அனுமதி வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அந்தப் பட்டியலில் உள்ள 18 நாடுகளில் தாய்லாந்தும் மலேசியாவும் உண்டு, இலங்கை இல்லை. அந்த அனுமதி தேவைப்படுவது வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான், சுற்றுலாவுக்கு இல்லை. ஆனாலும் பெங்களூர்க் கவுண்டரில் திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் கேட்பார்கள். எனவே அம்மாவின் காகிதங்கள் அம்மா கையிலேயே அச்சில் இருக்கட்டும். உங்கள் கைப்பேசியில் இருந்து, நீங்கள் வேறு வரிசையில் நின்றால் பயனில்லை. 50 வயது தாண்டியவர்கள் மறுவெளியீட்டில் அந்தக் குறிப்பையே நீக்கிக்கொள்ளலாம்.

யாருக்கு எது

கைக்குழந்தை, ஈசிஆர் பாஸ்போர்ட்டுள்ள பாட்டி, ஐந்து நாள் விடுப்பு என்றால் இலங்கை. அனுமதி கையில் வந்தபிறகு கிளம்புவதால் போய் இறங்கும்போது பதற்றமில்லை, அந்த 20 டாலரை அதற்கான விலையாக வைத்துக்கொள்ளலாம். சொந்தக்காரர் இருந்து, முகவரிச் சான்றும் சரியாக இருந்தால் மலேசியா. பத்துமலையில் தமிழிலேயே வழி கேட்டுக்கொள்ளலாம். தாய்லாந்து நண்பர் கூட்டத்துக்கும் நீண்ட விடுப்புக்காரர்களுக்கும் ஏற்றது. ஆனால் கூட்டமாகப் போகும்போது எல்லார் ஹோட்டலும் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் வேறு விமானத்தில் வந்தால் மீதிப் பேரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. முன்பதிவிலேயே எல்லார் பெயரையும் சேர்க்கச் சொல்லி, ஆளுக்கொரு அச்சுப் பிரதி கொடுத்துவிடுங்கள்.