படமா, கணக்கா?

கோணேசர் மலை விளிம்பில் நின்று கீழே பார்த்தால் கடலின் நிறம் மாறுவது தெரியும், ஆழம் தெரியாது. பூமியைச் சுற்றியுள்ள பிளாஸ்மா மண்டலத்தை, அதாவது அயனிகள் போன்ற மின்னேற்றத் துகள்கள் நிறைந்த பகுதியை, படமெடுப்பதும் அப்படித்தான். அப்படியானால் அதை அறிய முதலில் படத்தை நம்புவதா, கணினிக் கணக்கை நம்புவதா?

2000 மார்ச்சில் நாசா ஏவிய ‘இமேஜ்’ செயற்கைக்கோள், ஹீலியம் அயனிகள் சிதறடிக்கும் 30.4 நானோமீட்டர் சூரிய ஒளியைப் பிடித்தது. சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு படம். பூமியின் காந்தப்புலம் குலையும் காந்தப் புயலில் மண்டலத்தின் விளிம்பு உரிந்து, வால்போல் நீள்வதை முழுதாகக் காட்டியது. ஆனால் அங்கே அதிகம் இருப்பது ஹைட்ரஜன் அயனி. அது இந்த ஒளியில் தெரியாது. பூமியின் நிழல் விழும் இடமும் இருட்டுத்தான். 2005 டிசம்பரில் தொடர்பும் அறுந்தது.

சரி, கணினியில் கணக்கிடும் மாதிரி (model) எப்படி? பூமியோடு சேர்ந்து சுழலும் ஓட்டம், சூரியக் காற்று (சூரியனிலிருந்து வீசும் துகள்கள்) உண்டாக்கும் மின்புலம் இரண்டையும் கூட்டி அடர்த்தியைக் கணக்கிடும். நாளைய நிலையையும் சொல்லும். மின்புலத்தைப் பிழையாகக் கொடுத்தால் வால் வேறு இடத்தில் முளைக்கும், அவ்வளவுதான். முளைத்தது சரியா என்று பார்க்க மறுபடி படத்திடம்தான் போக வேண்டும்.

என்னைக் கேட்டால் படம்தான் முதலில். என் மாமாவும் வானிலை அறிவிப்பைக் கேட்பார். ஆனாலும் கடலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுவார்.