பேக்கேஜ் பணத்தை முதல் நாளே கட்டாதீர்கள்: பதற்றத்துக்கு ஹிப்னோதெரபி போகிறவர்கள் கவனிக்க

ஹிப்னோதெரபி, அதாவது அறிதுயில் (ஹிப்னாசிஸ்) மூலம் செய்யும் சிகிச்சை, தருகிறோம் என்பவர்களில் சிலர் முதல் சந்திப்பிலேயே ஒரு வித்தை காட்டுவார்கள். இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, ஆட்காட்டி விரல்களை மட்டும் நிமிர்த்தி, நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விடச் சொல்வார்கள். "விரல் ரெண்டுலயும் காந்தம் இருக்கு, இழுக்குது, நல்லா இழுக்குது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லச் சொல்ல விரல்கள் நெருங்கும். ஒட்டியதும், "உங்க ஆழ்மனசு அருமையா ஒத்துழைக்குது, உங்களுக்குக் கண்டிப்பா குணமாகும்" என்பார்கள். அடுத்த நிமிடம் பத்து, பன்னிரண்டு செஷனுக்கான பேக்கேஜ் பேச்சு தொடங்கிவிடும். இன்றே கட்டினால் தள்ளுபடி என்பார்கள்.

கையைக் கோத்தபடி விரல்களை விரித்துப் பிடித்தால் சிறிது நேரத்தில் தசை களைத்து, அவை தாமாகவே நெருங்கும். பக்கத்தில் யாரும் பேசவே வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து செய்து பாருங்கள். நூலில் தொங்கும் குண்டு "ஆம், இல்லை" என்று ஆடிக் காட்டுவதும் இதே வகைதான். பிடித்திருப்பவரின் விரல் அவரையறியாமல் அசைவதுதான் காரணம் என்று பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1833லேயே எழுதிவிட்டார். ஒருவர் எந்த அளவுக்கு அறிதுயிலுக்கு உட்படுவார் என்று அளக்க முறையான அளவுகோல்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் 1959இல் உருவான அளவுகோலில் மட்டும் 12 சோதனைகள் இருக்கின்றன. அப்படி அளந்தால் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேர் மிக எளிதாக உட்படுகிறார்கள், ஏறக்குறைய அதே அளவு பேர் அசைவதே இல்லை, மற்றவர்கள் நடுவில். ஒரு விரல் வித்தையை வைத்து உங்களுக்குப் பலன் உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது.

ஹிப்னோதெரபியே பித்தலாட்டம் என்று சொல்ல வரவில்லை. பல் மருத்துவம், அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு முன் வரும் பயத்தை அது குறைக்கிறது. நாள்பட்ட பதற்றத்துக்கும், சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையோடு (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சை) சேர்த்துச் செய்தால் உதவக்கூடும். தனியாக, அதுவும் ஒரே செஷனில், வேரோடு பிடுங்கிவிடும் என்பதுதான் பொய்.

நேர்மையான சிகிச்சை எப்படி இருக்கும்? முதல் செஷனில் பெரும்பாலும் பேச்சுதான். பதற்றம் எப்போது தொடங்கியது, என்ன மாத்திரை, தூக்கம் எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை காபி, தைராய்டு பார்த்தீர்களா என்றெல்லாம் கேட்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அறிதுயிலில் சொல்லும் எந்த யோசனையும் அதைச் சரிசெய்யாது. மனச்சிதைவு, வலிப்பு இருந்ததா என்று கேட்காதவரிடம் கண்ணை மூடாதீர்கள். பதற்றத்தின் அளவைக் காட்டும் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாளைத் தொடக்கத்தில் நிரப்பச் சொல்வது நல்ல அடையாளம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய கேள்விகள். மொத்தம் 21 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முறையான பரிசோதனை தேவை என்று பொருள். நான்கு செஷன் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பினால் எண் இறங்கியதா என்று தெரிந்துவிடும். பேக்கேஜ் விற்பவர்கள் இந்தத் தாளைக் காட்டாததற்குக் காரணமே அதுதான்.

அறிதுயிலில் நினைவு தப்பாது. அறைக்கு வெளியே கதவு சாத்தும் சத்தம் கேட்கும், மூக்கு அரித்தால் சொறியலாம், வேண்டாம் என்றால் எழுந்து வரலாம். இதை முன்கூட்டிச் சொல்லாமல், பிறகு "நீங்க முழுசா ஒப்படைக்கல, அதான் வேலை செய்யல" என்று பழியை உங்கள் மேல் போடுவார்கள். இன்னொன்று: பேனிக் அட்டாக் வருபவர்களில் சிலருக்கு, மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிக்கச் சொன்னாலே பதற்றம் ஏறும். இது தெரிந்த விஷயம். விவரம் தெரிந்தவர் உடனே கண்ணைத் திறக்கச் சொல்லி, பார்வையை அறையிலுள்ள ஏதாவது ஒரு பொருளுக்குத் திருப்புவார். தெரியாதவர் "உள்ளே தேங்கினது வெளியே வருது" என்று சொல்லி மேலும் இரண்டு செஷன் சேர்ப்பார்.

மிகவும் ஆபத்தானது, "காரணம் சிறுவயசுல ஒளிஞ்சிருக்கு, தோண்டி எடுப்போம்" என்பது. முன்ஜென்மம் வரைக்கும் போகிறவர்களும் உண்டு. அறிதுயிலில் வரும் நினைவுகள் கூடுதல் துல்லியமானவை அல்ல, கற்பனையும் கலந்துவரும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985லேயே எச்சரித்தது. கற்பனை கலந்தாலும் ஆள் அதை அடித்துச் சொல்வார் என்பதுதான் கொடுமை. நடக்காத ஒன்றுக்காகப் பெற்றவர்களோடு பேச்சை முறித்துக்கொண்டால் அதை எந்த செஷனும் சரிசெய்யாது.

மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அல்ப்ரசோலம், குளோனசிபாம் போன்ற பதற்ற மாத்திரைகளை நாள்பட எடுத்துக்கொண்டு திடீரென நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சுவரில் மாட்டிய சர்டிபிகேட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வார இறுதிப் பயிற்சிக்கும் அதே பளபளப்பான சர்டிபிகேட் கிடைக்கும். மனநல மருத்துவரா, மருத்துவ உளவியலாளரா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். முதலில் ஒரு செஷனுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். தொட்டுச் செய்யும் எதையும் முன்கூட்டியே கேட்டு, உங்கள் சம்மதத்தோடுதான் செய்ய வேண்டும். கூட ஒருவர் அறையில் இருக்கலாமா என்று கேட்டதும் முகம் மாறினால் அதுவே பதில்.

ஏற்கெனவே மொத்தமாகக் கட்டிவிட்டவர்கள் போனில் வாதாட வேண்டாம். மீதி செஷன்கள் வேண்டாம், அதற்கான பணம் திரும்ப வேண்டும் என்று தேதி போட்டு எழுத்தில் அனுப்புங்கள். ரசீது, "நூறு சதவீதம் குணம்" என்ற விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அனுப்புவதற்கு முன்பே சேமித்து வையுங்கள். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு விளம்பரம் காணாமல் போவது சகஜம்.