மூன்று போர்க்கைதிப் படங்கள்: விமர்சகர் கொண்டாடியதும் கைதிகள் முகம் சுளித்ததும்

வெள்ளவத்தையில் மாமா வீட்டில் போர்க்கைதிப் படம் என்று பேச்செடுத்தால் தீர்ப்பு தயாராக இருக்கும்: ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’. பாதிக் காரணம் ஊர்ப்பற்று. படத்தில் குவாய் ஆறாக ஓடுவது கித்துல்கலையில் ஓடும் நம் களனி கங்கை. அந்தத் தண்ணீர்தான் மட்டக்குளிப் பக்கம் வந்து கடலில் சேர்கிறது. மீதிப் பாதிக்கு 7 ஒஸ்கார் இருக்கிறது. ஆனால் வெர்னர் ஹெர்சோக்கின் ‘ரெஸ்க்யூ டோன்’ (2006), அஞ்சலினா ஜோலியின் ‘அன்புரோக்கன்’ (2014) இரண்டையும் அதோடு சேர்த்துப் பார்த்தபோது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய படங்களோடுதான் அந்த முகாம்களில் கிடந்து வந்தவர்களுக்குச் சண்டை.

குவாய் 1957இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிடித்துவைத்த எதிரியான ஜப்பானியருக்கே பாலத்தைச் சிரத்தையாகக் கட்டிக்கொடுக்கும் கேணல் நிக்கல்சனாக அலெக் கின்னஸ். கடமை ஒரு மனிதனை எப்படிப் பைத்தியமாக்கும் என்பதை அவர் முகத்தில் பார்த்து விமர்சகர்கள் மயங்கினார்கள், நானும்தான். ஆனால் தாய்லாந்தில் அந்தக் கைதிகளுக்கு உண்மையில் தலைமை தாங்கிய பிலிப் டூசி வேலையை இழுத்தடித்தவர். மரப்பாலத்தை அரிக்கக் கறையான் பிடித்து விட்டார்கள் என்றுகூடச் சொல்வார்கள். அவரோடு இருந்தவர்களுக்குப் படம் கசந்ததில் வியப்பில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பாலம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தச் சயாம் மரண ரயில்பாதையில் செத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரக் கைதிகள் அல்ல, ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள் அதில் ஏராளம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் அவர்களுக்கு இடமில்லை. அதுவும் நம் ஆற்றங்கரையில் எடுத்த படத்தில்.

‘ரெஸ்க்யூ டோன்’, 1966இல் லாவோஸில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானி டீட்டர் டெங்லரின் கதை. கிறிஸ்டியன் பேல் எலும்பும் தோலுமாகிப் புழுவைத் தின்கிறார். வீரவசனம் கிடையாது, பிடிவாதமும் கொஞ்சம் அசட்டு உற்சாகமும்தான் அவனைக் காப்பாற்றுகின்றன. விமர்சனங்களைத் திரட்டும் ரொட்டன் டொமேட்டோஸ் இணையத்தளத்தின் கணக்கில் பத்துக்கு ஒன்பது விமர்சகர்கள் பாராட்டினார்கள். கல்லா நிரம்பவில்லை, அது வேறு கதை. சிக்கல் ஜீன் என்ற சக கைதி. படத்தில் அவர் புத்தி பேதலித்தவராக, தப்பும் திட்டத்துக்கே இடைஞ்சலாக வருகிறார். நிஜ ஜீன் திரும்பி வரவேயில்லை. அவர் தன் சாப்பாட்டைப் பகிர்ந்து கொடுத்த மனிதர் என்று குடும்பத்தார் கொதித்தார்கள். கூட இருந்து உயிர் தப்பிய தாய்லாந்துக்காரரும் அவர்கள் பக்கம் நின்றார். டெங்லரை வைத்து 1997இலேயே ஆவணப்படம் எடுத்தவர் ஹெர்சோக். விவரம் தெரியாமல் செய்தார் என்று அவருக்காக வாதாடவும் முடியாது.

‘அன்புரோக்கன்’ தலைகீழ். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஓடிய லூயி சம்பரீனி, விமானம் கடலில் விழுந்து 47 நாள் மிதந்து, பிறகு ஜப்பானிய முகாம்களில் அடிபட்டவர். ஜோலி மடிக்கணினியில் படத்தைக் காட்ட, அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் 2014 ஜூலையில் கண்ணை மூடினார். ஜப்பானில் எதிர்ப்புக் கிளம்பி, 2016இல்தான் படம் அங்கே திரைக்கு வந்தது. வசூல் 160 மில்லியன் டொலரைத் தாண்டியது. விமர்சகர்களில் பாதிப்பேர்தான் தலையசைத்தார்கள். மரியாதை இருக்கிறது, உயிர் இல்லை என்பது புகார். சரியான புகார். அடி விழுகிறது, எழுகிறார். மறுபடி அடி, மறுபடி எழுகிறார். போருக்குப் பின் குடியும் கெட்ட கனவுமாகத் தவித்து, கடைசியில் அடித்தவர்களையே மன்னித்த பகுதிதான் அந்த வாழ்க்கையின் சாரம். அது முடிவில் நாலு வரி எழுத்தாக ஓடிவிடுகிறது.

சனிக்கிழமை ராத்திரிக்கு எது? ரிமோட் என் கையில் இருந்தால் ‘ரெஸ்க்யூ டோன்’. ஜீன் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, குடும்பத்தார் சொன்னதைச் சொல்லிவிடுவேன். மாமா கையில் ரிமோட் போனால் களனிதான். பாலம் வெடிக்கும் காட்சிக்கு மாமியும் அடுப்படியிலிருந்து வந்துவிடுவா.